உள்பக்கம் திருப்பிய டயர்

மார்ச் 4, செவ்வாய்

கணக்கு டீச்சர் இன்று காரில் வந்தார். என் கார். போன சனிக்கிழமைவரை என் கார். ஆசிரியர் அறை மொத்தமும் ஜன்னலுக்கு ஓடியது. டீச்சர் மரத்தடியில் நிறுத்தி, பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார். பி.டி. மாஸ்டர் விசில் அடித்தார், எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். கண் மட்டும் பின் இடது டயரிலேயே இருந்தது.

மார்ச் 5

சொல்லிவிடலாமா?

மார்ச் 9, ஞாயிறு

எழுதியாவது வைக்கிறேன்.

ஜனவரியில் ஒரு பள்ளத்தில் இறக்கியதில் அந்த டயரின் பக்கவாட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. டயர் கடைக்காரர் அழுத்திப் பார்த்து, "உள்ள நூல் அறுந்துடுச்சு சார், மாத்திடுங்க" என்றார். விற்கப்போகிற வண்டிக்குப் புது டயரா என்று எனக்கு. வீக்கம் உள்பக்கம் போகிற மாதிரி திருப்பி மாட்ட முடியுமா என்று கேட்டேன். "மாட்டலாம். வீக்கம் எங்கயும் போயிடாது" என்றார். மாட்டிக் கொடுத்தார்.

யாரோ முன்பின் தெரியாதவர் வாங்குவார் என்றுதான் நினைத்தேன். முன்பின் தெரியாதவர் செத்தால் பரவாயில்லையா? அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் டீச்சர் வந்து, "உங்க வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்றார். அவர் அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். வாடகை வண்டிக்காக வாசலில் நின்றே அந்த அம்மா துவண்டுபோகிறார். இதெல்லாம் தெரிந்தும் சாவியைக் கொடுத்தேன்.

நாளை சொல்லிவிடுவேன்.

மார்ச் 17

சொல்லவில்லை. பரீட்சை வேலை. நல்ல சாக்கு.

மார்ச் 26

வெடித்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில். வண்டி சுழன்று நடுத்தடுப்பில் மோதி நின்றதாம். டீச்சருக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. பி.டி. மாஸ்டர் போனில் சொன்னார். "எந்த டயர்?" என்றேன். "அது எதுக்கு சார் இப்போ?" என்றார்.

மார்ச் 27

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பார்த்தேன். வலது பக்கமாக இருக்கக் கூடாதா, முன்னால் இருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டுதல். பின் இடது. கிழிந்து தொங்கியது.

இரவுச் சாப்பாட்டில் மனைவி கேட்டாள்: "அந்த டயரா?" தெரியவில்லை என்றேன். தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 31

டீச்சர் வேலைக்கு வந்தார். நேராக என் மேசைக்கு.

"நீங்க சயின்ஸ் சார். டயர் எதனாலெல்லாம் வெடிக்கும்?"

பாடம் நடத்தினேன். காற்று குறைந்தால் ஓரம் மடங்கி மடங்கிச் சூடேறும் என்றேன். அதிக பாரம், வேகம், வெயில், ஆணி, வயசான ரப்பர் என்றேன். என் வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"காத்து பார்த்து ரெண்டு வாரம் ஆச்சு சார். வெயில் வேற. அப்ப என் தப்புதான்."

அழுதுவிட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர்! எவ்வளவு பெரிய மனுஷன் நான்!

நிஜமாகவே காற்றுதான் காரணமோ? இருக்கலாம்தானே? — சீ.

ஏப்ரல் 4

டீச்சரின் கணவர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? பெத்தவளையே கொன்னிருப்பே" என்றாராம். டீச்சரும் இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்கிறார். அந்த அம்மா மறுபடியும் வாசலில் நிற்கிறார், ஒடிந்த கையோடு.

மதியம் என்னிடம் வந்து, "ரிப்பேர் பண்ணிட்டாங்க. நீங்களே திரும்ப எடுத்துக்கோங்க சார். உங்க கையில ஒழுங்கா ஓடின வண்டி" என்றார்.

டேய், இதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?

ஏப்ரல் 5

அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நின்றபடியே சொன்னேன். பள்ளம், வீக்கம், திருப்பி மாட்டியது, நான் நடத்திய பாடம், எல்லாம்.

"எங்கம்மா அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தாங்க" என்றார் டீச்சர். அவ்வளவுதான். கணவர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். "நீங்க உக்காருங்க" என்று டீச்சர் அவரைத் தடுத்தார். பிறகு அவரைப் பார்த்தே, "அப்ப நான் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார். "சாவியைக் குடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார்.

என்னிடம், "நீங்க போங்க சார்."

ஏப்ரல் 11

ஆசிரியர் அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பேசவும் வேண்டாம்.

ஏப்ரல் 22

நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் குடையில்லாமல் நின்றிருந்தேன். கார் வந்தது. டீச்சர்தான் ஓட்டினார். பின்சீட்டில் அம்மா, மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு. வேகத்தடைக்காக என் அருகிலேயே மெதுவானது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா ஏதோ சொன்னார். டீச்சர் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

எனக்கு முன்னால் தண்ணீர் தேங்கிய பள்ளம். ஸ்டியரிங்கைத் திருப்பி, ஒரு சொட்டுகூட என்மேல் தெறிக்காமல் ஒதுங்கிப் போனார். எனக்காகவா, டயருக்காகவா, தெரியவில்லை. நன்றாக ஓட்டுகிறார்.