நாலாவது பெட்டியின் வாசல்

கீழப்பழுவூர்
9.6.2024

தேனீ டீச்சர் மணிமொழி அவர்களுக்கு,

வணக்கம் போட்டுத்தான் தொடங்க வேண்டுமோ என்னவோ. கட்டின பொண்டாட்டிக்குக் கடுதாசி எழுதுகிறவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். "போன்ல கத்துவீங்க. எழுதுங்க, பதில் போடறேன்" என்று சொல்லிவிட்டு என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறாய். சரி, எழுதுகிறேன்.

என் தங்கச்சி சத்யா மகளுக்குக் காதுகுத்து. வீடு நிறைய ஜனம். யாரையும் கொட்டித் தொலைக்கக் கூடாதே என்று, பந்தல் பக்கம் இருந்த உன் ஈப் பெட்டியின் வாசலை மைதாப் பசை வைத்து அடைத்தேன். ஒரு பகல்தான். உள்ளே இருந்ததெல்லாம் செத்துவிட்டது. மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு திருமானூர் போய்விட்டாய். ஈ செத்ததற்காகப் புருஷனை விட்டுப் போனவளைப் பற்றி எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? கடைக்குப் பெயிண்டு வாங்க வருகிறவனெல்லாம் சிரிக்கிறான்.

மிச்சம் மூன்று பெட்டியும் கொல்லையில் கிடக்கின்றன. அங்கே வண்டிக்கு ஷெட் போட வேண்டும். வந்து எடுத்துக்கொண்டு போ. இல்லையென்றால் வந்து குடும்பம் நடத்து.

முத்தமிழ்செல்வன்


திருமானூர்
14.6.2024

வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைக் கையெழுத்தே சொல்கிறது. கோபம் வந்தால் பேனாவைப் போட்டு அழுத்துவீர்கள், தாள் கிழிந்திருக்கிறது.

இத்தனை வருஷம் கொல்லையில் வளர்ந்ததை இன்னும் ஈ என்றே எழுதுகிறீர்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாழ்வதற்கும் ஒரு திறமை வேண்டும். வைகாசி வெயிலில் அவை வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறி உள்ளே காற்று விடும். அந்த வாசலைத்தான் நீங்கள் அடைத்தீர்கள். கடையில் கரண்டு போனால் தெருவே கேட்கும்படி கத்துகிற ஆள் நீங்கள். சாயங்காலம் நான் பார்த்தபோது பெட்டிக்கு அடியில் மெழுகும் தேனும் உருகி ஒழுகிக் கிடந்தன. காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்க்க எனக்குக் கை வரவில்லை. நீங்களாவது பார்த்தீர்களா?

யாரோ சிரிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். கண்ணாடிப் பெட்டியில் தேனீ வைத்து, பஸ் பஸ்ஸாக ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அதே பந்தலில் அத்தனை பேர் நடுவே, "எம் பொண்டாட்டி பூச்சி வாத்தியாருங்க" என்று சிரிக்க வைத்தவர் யார்? அப்படிச் சிரித்துவிட்டு, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் தேன் கொடு என்று என்னிடமே கேட்டீர்கள். வெட்கம் என்பது உங்கள் கடையில் விற்காத சரக்கு போலிருக்கிறது.

கொள்ளிடக்கரைப் பக்கம் ஆண்டாயி அக்கா என்று ஒருவர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் சரி என்றதும் பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். அதுவரை தொட வேண்டாம். உங்களுக்குத் தொடத் தெரியாது.

மணிமொழி


கீழப்பழுவூர்
23.6.2024

மணிமொழிக்கு,

என் கொல்லையில் ஷெட் போட உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா? மூன்று பெட்டியையும் தூக்கி முன்பக்கம் வேப்பமரத்தடியில் வைத்தேன். பழைய இடத்தில் என் வண்டியை நிறுத்தினேன். இவ்வளவுதான் செய்தேன்.

காலையில் பறந்து போனதெல்லாம் திரும்பி வந்து என் வண்டி மேல் மொய்த்துக்கொண்டு தொங்குகிறது. சீட்டு தெரியவில்லை, ஹேண்டில் தெரியவில்லை. கிட்டே போனால் மூஞ்சிக்கே வருகிறது. கடைக்கு நடந்துதான் போகிறேன். டீக்கடைக் கண்ணையன், "என்ன மாப்ள, வண்டிக்குத் தாடி மொளச்சிடுச்சா?" என்று கேட்கிறான். நீதான் பழக்கி வைத்திருக்கிறாய். இல்லாவிட்டால் பூச்சிக்கு என் வண்டி எப்படித் தெரியும்?

முத்தமிழ்செல்வன்


திருமானூர்
27.6.2024

வீட்டுக்காரருக்கு,

ஏவிவிடுகிற சக்தி எனக்கு இருந்திருந்தால் உங்கள் வண்டியோடு விட்டிருக்க மாட்டேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்ததை எழுதுகிறேன். தேனீ பெட்டியை அடையாளம் வைப்பதில்லை, இடத்தைத்தான் வைக்கும். நகர்த்துவதானால் நாளுக்கு ஒரு முழம் நகர்த்த வேண்டும். இல்லையென்றால் நாலைந்து கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோய்விட வேண்டும். நடுவில் எங்கே வைத்தாலும் பழைய இடத்துக்கே வந்து தவிக்கும். நம் தெருப் பள்ளிக்கூடத்திலேயே இதை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! ஒருநாள் வந்து பின்னால் நின்றிருந்தால் இன்று வண்டியில் போயிருப்பீர்கள்.

பொழுது சாய்ந்ததும் பெட்டிகளைப் பழைய இடத்திலேயே வையுங்கள். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துங்கள். அது எங்கே நின்றாலும் உங்களைத் தேடாது.

மணிமொழி


கீழப்பழுவூர்
5.7.2024

அன்புள்ள மணிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். மறுநாளே அடங்கிவிட்டது. ஷெட் வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

சோறு நானேதான் வடிக்கிறேன், பாதி நாள் குழைந்துவிடுகிறது. சத்யாகூட, "அண்ணி இல்லாம வூடு வூடாவே இல்லண்ணே" என்கிறாள். ஐந்தறிவுள்ள பூச்சியே தன் இடத்துக்குத் திரும்பி வருகிறது. உனக்கு ஆறறிவு இருக்கிறது. கோபம் போதும். வந்துவிடு. உன் பெட்டியைப் பற்றி இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வாசல் திறந்தேதான் இருக்கிறது.

செல்வன்


திருமானூர்
13.7.2024

வீட்டுக்காரருக்கு,

நேற்று நீங்கள் கடையில் இருந்தபோது வேன் வைத்துக்கொண்டு வந்தேன். சத்யாதான் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். அடைகிற நேரம் வரை காத்திருந்து, வாசலுக்குக் கம்பிவலை கட்டி, மூன்றையும் கொண்டுவந்துவிட்டேன்.

இன்று காலை ஆண்டாயி அக்கா தோப்பில் வலையை எடுத்தேன். வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடியே சின்ன வட்டம் அடித்தன. பிறகு பெரிய வட்டம். அப்புறம் பக்கத்து எள்ளுக் காட்டுக்குப் போய்விட்டன. ஒன்றுகூடக் கீழப்பழுவூரைத் தேடவில்லை. எனக்கும் இந்தத் தூரம் போதும். சோறு குழைகிறது என்றால் தண்ணீரைக் குறைத்து வையுங்கள்.

வாசல் திறந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போய்ப் பாருங்கள். நாலாவது பெட்டியை உங்களுக்காகவே விட்டு வந்திருக்கிறேன். நீங்கள் வைத்த பசை அப்படியே காய்ந்து இருக்கிறது. இத்தனை நாளாக அதைத் தாண்டித்தானே நடந்தீர்கள்? பெயர்த்துவிட்டு உள்ளே பாருங்கள்.

மணிமொழி


கீழப்பழுவூர்
16.7.2024

மணி,

ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பெயர்த்தேன். எல்லாம் வாசல் பக்கமே வந்து, பசையில் தலையை முட்டிக்கொண்டு கிடக்கின்றன. பசையின் உள்பக்கம் கடித்துக் கடித்துக் குழி விழுந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

கொல்லையில் குழி வெட்டி மூடினேன்.

இனி உன்னை வரச் சொல்லி எழுத மாட்டேன்.

முத்தமிழ்செல்வன்