ஏற்றிய வண்டி நிற்கக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்காரர் செத்துப்போய் முப்பத்தெட்டு நாள். இன்று முதல் வண்டியை நானே ஓட்டுகிறேன். நூற்றைம்பது கூடை கோழி. பண்ணையிலிருந்து அறுக்கிற ஆலைக்கு இரண்டு மணி நேரம். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. நின்றால் கூடைக்குள் காற்று ஓடாது, கோழி வெந்து சாகும். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் கேட்ட பாட்டு இது ஒன்றுதான்.

வண்டியை விற்கக் கொழுந்தன் ஆள் பார்த்துவிட்டார். "ஒரு மாசம் பாப்போம் அண்ணி. ஆலையிலேர்ந்து ஒரு புகார்ச் சீட்டு வந்தாலும் குடுத்துடலாம்" என்றார். ஒரு நடையில் இருபதுக்கு மேல் செத்தால் சீட்டு. வண்டியும் போனால் எனக்கு என்ன இருக்கிறது?

மார்ச் 7

ஆறுதான் செத்திருந்தது. அவர் ஓட்டினால் ஒன்பது, பத்து போகும். சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தூக்கி வைக்க முகம் இல்லை.

மார்ச் 11

ஆலைக்குப் போகிற வழியில்தான் இடுகாடு. மதில் முடிகிறவரை வேகத்தைக் குறைத்து அவரிடம் பேசிக்கொண்டு போகிறேன். கூரை ஒழுகுகிறது, பெரியவளுக்குக் காய்ச்சல் – அதற்குள் மதில் முடிந்துவிடும். உயிரோடு இருந்தபோதும் இவ்வளவு நேரம்தான் காது கொடுப்பார்.

மார்ச் 14

பின்னால் வந்த பஸ்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏம்மா, சவ ஊர்வலமா போறே?" ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டார். பாவம்.

மார்ச் 18

நிறுத்திவிட்டேன்.

நேற்று வண்டியை வாங்க வந்தவன் அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, நல்ல வண்டி என்றான். அதைச் சொல்ல மதில் போதவில்லை. நிழல் பார்த்து உள்ளேயே ஓட்டி நிறுத்தினேன். இரண்டு நிமிஷம்தான் என்று இறங்கினேன். நாலு வார்த்தை கேட்டேன். யாரைக் கேட்டுப் போனீங்க? நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? – நாலு வார்த்தை நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் ஒரு கீழ்க்கூடை திறந்து கோழிகள் இறங்கியிருக்கின்றன. நாற்பது நாள் வளர்ப்பு, உடம்பு கனம், ஓடவா தெரியும்? நாலடி வைத்து உட்கார்ந்துவிடும். சமாதி மேட்டுக்கு மேடு சொந்தக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. பக்கத்து ஆளுக்கு மூன்று. அவருக்கு ஒன்றும் இல்லை. கோழிகளுக்கு அவரைத் தெரியும்.

பொறுக்கிப் போட்டுக்கொண்டு பறந்தேன். முப்பத்தொன்று செத்திருந்தது. ஆலை வாசலில் எண்ணி வாங்குகிற அம்மா, எங்கே நிறுத்தினாய் என்று கேட்டார். இடுகாட்டில் என்றேன்.

"கோழிய எதுக்கு அங்க கொண்டு போனே?"

"கோழிக்கு இல்லீங்க. எனக்கு."

 முப்பத்தொன்று என்று எழுதினார். சீட்டைக் கொடுத்துவிட்டு, "திரும்பிப் போறப்ப வண்டி காலிதானே? அப்ப நிறுத்துறதுக்கு என்ன?" என்றார்.

 பதினோரு வருஷத்தில் காலி வண்டியையும் நாங்கள் நிறுத்தியதில்லை. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நல்ல ஜோடி.

மார்ச் 19

சீட்டைக் கொழுந்தனிடம் நானே கொடுத்தேன். விற்கிறவரைக்கும் தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார். கோழிக்கு என்ன தெரியும், கூண்டில் ஏற்றினால் போய்ச் சேரும் என்றார். சாவியைக் கொடுத்தேன்.

மார்ச் 20

டீ குடிக்க நிறுத்தினாராம். அறுபத்துநாலு.

மார்ச் 21

இனி அந்தம்மாவே ஓட்டட்டும் என்று ஆலையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாங்குகிற ஆள் வந்தால் என்ன சொல்வது என்று கொழுந்தனிடம் கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டி ஓட்டத்துல இருக்குன்னு சொல்லுங்க அண்ணி."

மார்ச் 25

ஏழு. திரும்பும்போது நிறுத்தினேன். இன்ஜினையும் அணைத்தேன். அவசரம் இல்லை என்று ஆனதும் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பசித்தது. கிளம்பிவிட்டேன்.