கழுத்து வெள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம். "சம்பளம் குடுத்துக் கொக்கு எண்ணச் சொல்றாங்களா?" என்று சிரித்தீர்களே, அதில் ஒரு சின்னத் தகராறு.

இங்கே பெருங்கொக்குகளில் இரண்டு வகை வரும். இரண்டுக்கும் உடம்பு சாம்பல் நிறம். சாதாரண வகைக்குக் கழுத்தின் முன்பக்கம் கருப்பு. அரிய வகைக்குத் தலையும் கழுத்தும் வெள்ளை. போன வாரம் சதுப்பில் ஏழு அரிய பறவைகள் நின்றன. தொலைநோக்கியில் முதலில் பார்த்தது என்னோடு வேலை பார்க்கும், என் அறையில் தங்கியிருக்கும் அக்காதான். "அடியே, கழுத்து வெள்ளைடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சதுப்பின் வழியே சாலை போடத் திட்டம்; இந்த அரிய வகை இருந்தால் போட முடியாது. நேற்றுக் கூட்டத்தில் அவள் கொடுத்த அறிக்கையில் ஏழும் சாதாரண வகை. கீழே என் பெயரும் இருந்தது.

"நீதானேக்கா பார்த்தே?" என்றேன்.

"தூரத்துல எல்லாம் ஒண்ணுதான், விடு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எடுத்த படங்களை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். மறுபடி எண்ணச் சொல்லிவிட்டார். என் வேலைக்கு ஆபத்தில்லை. அறைதான் மாறிவிட்டேன், தனி அறை, நல்ல வெளிச்சம்.

அக்காவுக்கென்று அம்மா பின்னும் ஸ்வெட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். பாதிக்கு மேல் ஆகியிருந்தால், முடித்து எனக்கே அனுப்பட்டும். பெரிதாக இருந்தாலும் போட்டுக்கொள்கிறேன்.

மறுபடி எண்ணச் சதுப்புக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்