இனியாவின் தலையளவு

செவ்வாய். அமாவாசைக்கு மூன்று நாள்.

காலையிலேயே வெயில். காற்று அசைவில்லை. எங்கள் ஊர்க் கோட்டைப் பக்கம் ஏறிட்டுப் பார்த்தால் கண் கூசுகிறது.

வேலையில் இருந்த காலத்தில், ஆறாம் வகுப்பில் அளவைப் பாடம் நடத்தும்போது ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், வளந்தா தல பெருசாவுமா, முடி மட்டும்தான் பெருசாவுமா?" வகுப்பே சிரித்தது. நூலால் அவள் தலையை அளந்து வைத்தேன். அடுத்த வருடம் மறுபடி அளந்து காட்டினேன். இன்று பேத்தி இனியாவின் தலையில் டேப்பைச் சுற்றியபோது அந்தக் கேள்வி ஞாபகம். ஏன் இன்றைக்கு?

புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையைச் சுற்றி. ஐம்பத்திரண்டு செ.மீ.

வெள்ளிக்கிழமை மேல்மலையனூர் பயணம். மருமகன் பாஸ்கர், மகள் மங்கை, நடுவில் இனியா. ஒரே பைக். போன வருடம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது மங்கை அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்ட மொட்டை. பெரியவர்கள் இருவருக்கும் ஹெல்மெட் உண்டு. நாலரை வயதுக் குழந்தைக்குத் துணித் தொப்பி.

"மலையனூர் ரோட்டு வளைவுல நேத்தும் ஒரு வண்டி வுழுந்துச்சாம் நைனா," என்றாள் மங்கை. சொன்ன பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதன். இரண்டு நாள்.

இனியாவோடு திண்டிவனம் ரோட்டுக் கடைக்கு. கயிற்றில் வரிசையாகத் தொங்கும் ஹெல்மெட்டுகள். முகமில்லாத தலைகள் போல. அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

கடைக்காரர்: "இன்னா சார், வளர்ற புள்ள. ஒரு சைஸ் பெருசா வாங்கிக்கங்க. ரெண்டு வருசம் ஓடும்."

"விழுறது இந்த வருசமா இருந்தா?"

"காலங்காத்தால நல்ல வார்த்த பேசுங்க சார்!"

பள்ளிச் சீருடையை அப்படித்தான் வாங்குகிறோம். தொளதொளவென்று. ஆனால் பெரிய டப்பாவில் ஒற்றை முட்டையைப் போட்டு பஸ்ஸில் கொண்டு போனால்? டப்பா உடையாது. முட்டை உடையும். இதைக் கடைக்காரரிடமும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே பெரியதையே மறுபடி நீட்டினார்.

நான்காவது சரி. மஞ்சள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. பின்னி மடித்துக் கட்டிய சடையோடு கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டையைப் பூட்டி, பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளினேன். அசையவில்லை.

"தாத்தா, உள்ள என் சத்தமே பெருசா கேக்குது!"

சாயங்காலம் பாஸ்கர் முன்னிலையில் இன்னொரு முறை தள்ளிக் காட்டினேன். "யாருக்காவது பரிச்ச வெக்கலன்னா மாமாவுக்குத் தூக்கம் வராது," என்றார் மாப்பிள்ளை. எல்லாரும் சிரித்தோம்.

வியாழன். ஒரு நாள்.

மதியம் திடீரெனக் காற்று. கதவுகள் அடித்துக்கொண்டன. மழை இல்லை. மின்சாரம் போய் வந்தது. மாத்திரை வாங்க மறந்தேன்.

இனியா ஹெல்மெட்டைக் கழற்ற மறுக்கிறாள். சாப்பிடும்போதும் அதுதான். பிறகு தன் மொட்டைத்தலை பிளாஸ்டிக் பொம்மைக்கு மாட்டினாள். பொம்மையின் முகம் முழுதும் உள்ளே போய்விட்டது.

"தாத்தா, பாப்பாவ காணோம்!"

அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் பிடிபடவில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி. அமாவாசை.

6.10. கிளம்பிவிட்டார்கள். தெருமுனை வரை மஞ்சள் தெரிந்தது. திரும்பிக் கையாட்டவில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு திரும்ப முடியாதுதான்.

8.30. இட்லி இரண்டு. இறங்கவில்லை.

9.15. பாயை மடிக்கும்போது அவளுடைய ஹேர்பின் ஒன்று காலில் குத்தியது. பக்கத்தில் அந்தப் பொம்மை. மொட்டைத்தலை. கையில் பின்னோடு அப்படியே நின்றுவிட்டேன்.

முடியோடு அளந்திருக்கிறேன். மொட்டை போடப் போகிற குழந்தையை, மடித்துக் கட்டிய சடையோடு. நூலை வைத்து அளக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். மொட்டை போடுவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை. போகும்போது சரி. திரும்பும்போது?

9.20 முதல் 10.05 வரை ஒன்பது முறை போன். கூட்ட நாளில் லைன் கிடைப்பதில்லை.

10.10. மங்கை எடுத்தாள். பின்னால் பம்பைச் சத்தம். "ஆயிடுச்சு நைனா! அழவே இல்ல. சந்தனம் பூசியாச்சு. இதோ கெளம்பறோம்."

"ஹெல்மெட் இப்ப பெருசா இருக்கும்மா. பஸ்ல வாங்க!"

"இன்னா? ஒண்ணும் கேக்கல..." துண்டித்தது.

11.00. அரை மணிப் பாதை. இன்னும் வரவில்லை.

11.40. வாசலுக்கும் கூடத்துக்கும் நடை. எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "ரோட்டுல இன்னாவோ ஜாமாம் சார்." இன்னதென்று அவருக்கும் தெரியவில்லை.

12.25. பைக் சத்தம். பாஸ்கர் மட்டும். வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்த மஞ்சள் ஹெல்மெட், ஆளில்லாமல் ஆடிக்கொண்டு. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா! இன்னா ஆச்சு? ரெண்டு பேரும் பஸ்ல வர்றாங்க மாமா!"

தண்ணீர் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன்ல நீங்க சொன்னது ஒண்ணும் காதுல வுழல. வண்டிய எடுக்கும்போது, சும்மா தமாசுக்கு, உங்க பரிச்சய வெச்சேன். ஒரே தள்ளுல மூக்கு வரிக்கும் எறங்கிடுச்சு. கூட்டத்துல பஸ் கெடைக்க நேரமாயிடுச்சு மாமா. ரெண்டு பேரையும் ஏத்திவுட்டுட்டு வர்றேன்."

12.50. பஸ் இன்னும் வரவில்லை. டேப்பை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். மொட்டைத் தலையை அளந்து, திங்கட்கிழமை சின்னதாக இன்னொன்று வாங்க வேண்டும். இந்த மஞ்சளுக்குள்ளும் அந்தப் புதியதற்குள்ளும் ஒட்ட ஒரு அட்டை எழுதினேன்:

ஒவ்வொரு முறையும் மாட்டி, பட்டையைப் பூட்டி, பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள்.