நீ எழுதிய நீதிபதி

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், வேறு விதமாக நினைத்தால் ஆறுதல் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டியதை நானே சரி செய்துவிட்டேன். என் எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் கண் மங்கல்தான் காரணம், வேறொன்றுமில்லை.

நீ எழுதி அனுப்பிய கதைப் புத்தகம் வந்தது. எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் கீழ் வீட்டுத் தையற்காரம்மா மத்தியானங்களில் வந்து வாசித்துக் காட்டினார். அந்த ஓய்வுபெற்ற நீதிபதியின் கதை வந்ததும் பாதியில் நிறுத்தி, இந்த ஆள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே சார் என்றார். நீதிபதிகள் எல்லாருமே அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். பஸ் பணிமனை ஃபோர்மேனாக இருந்த என்னை நீதிபதி ஆக்கியிருக்கிறாய், பதவி உயர்வுக்கு நன்றி. திமிர் பிடித்தவர் என்று நீ ஓரிடத்திலும் எழுதவில்லை. குப்பை கொட்டப் போகவும் இஸ்திரி போட்ட சட்டை மாட்டுகிறார், பக்கத்து வீட்டில் சாப்பாடு கொடுத்தனுப்பினால் அரை மணியில் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிவிடுகிறார், லிஃப்டில் யாராவது ஏறினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். காவலாளியும் பால்காரரும் அவரைப் பற்றி அவ்வளவு பேசுகிறார்கள், அவர் வாயிலிருந்து மட்டும் மூன்று வார்த்தைக்கு மேல் வருவதில்லை. சாப்பாட்டு மேஜையின் நான்கு நாற்காலிகளில் மூன்றின் மேல் பழைய செய்தித்தாள் கட்டு. அதைக் கேட்டு என் மேஜையைத் திரும்பிப் பார்த்தேன், இங்கும் அதேதான். மறுநாளே கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டேன். இப்போது மூன்று நாற்காலியும் காலியாக இருக்கின்றன, அது இன்னும் மோசம்.

பணிமனையில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். திறக்காமலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். நீயும் ஆளைத் திறக்காமலே சொல்லியிருக்கிறாய், என் வேலை உனக்கு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சத்தத்தை மட்டும் நம்பி நானும் நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். ஓரிடத்தில் நீ அப்படிச் செய்துவிட்டாய். மகள் வந்து இரண்டு தடவை மணி அடிக்கிறாள், நீதிபதி நாற்காலியை விட்டு அசையவில்லை, அவள் போய்விடுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது அது. உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய், அடுத்தவர் வீட்டு மூலையில் கிடக்கிற ஆள் நானில்லை என்று கத்தினேன், பெற்ற மகள் வீட்டை அடுத்தவர் வீடு என்றேன். நீ பெட்டியோடு இறங்கிப் பாதியில் திரும்பி வந்து மணி அடித்தாய். நான் உட்கார்ந்திருக்கவில்லை அம்மா. அழுதுகொண்டிருந்தேன். உன் அம்மா போனபோதும் உன் கண்ணில் படாமல் அழுதவன், அந்த முகத்தோடு எப்படிக் கதவைத் திறப்பது என்று குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்துக்கொண்டு வந்து திறந்தால் லிஃப்ட் கீழே போய்க்கொண்டிருந்தது. இதுவும் திமிர்தான், இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தவன் வேறு, முகம் கழுவப் போனவன் வேறு.

கதையை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை, கதை நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் கண் ஆபரேஷன். கூட இருக்கிறவர் பெயர் எழுத ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஓர் இடம் இருந்தது. யாரும் வேண்டாம் என்றேன், அப்படி விட முடியாதுங்க என்று நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. என்னால் தனியாக இருக்க முடியவில்லை, வா.

சின்னவளுக்கு முத்தம். மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். வண்டிக்கு ஆயில் மாற்றச் சொல், உன்னிடம் சொன்னால் நடக்காது, மாப்பிள்ளையிடம் சொல். இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் என்னிடம் கேட்காதே, கேட்டால் சும்மா எழுதினேன் என்று சொல்லிவிடுவேன். வருகிற தேதியை மட்டும் சொல்.

இப்படிக்கு,
அப்பா