இனி யாரும் தூக்க வேண்டாம்

நாஜூ, தென்கொரியா,
நவம்பர் கடைசி

அன்பு மகள் ஹேரிமுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் கனடாவில் இடுப்பளவு பனி என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள், நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே நினைப்பாக இருக்கிறது. இந்த ஆண்டுக் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்தாயிற்று. அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு மிளகாய் விழுதை நான் தடவினேன், முட்டைக்கோஸுக்கு உப்புப் போட்டது உன் அப்பா. கடல் தண்ணீர் போலக் கரிக்கிறது, ஆனால் அவர் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித் தின்கிறார்.

அன்றைக்குப் போனில் கோபமாகக் கேட்டாய், "போதும்மா ஊர் ஊராப் போய்ப் பேசுனது, உடம்பு என்னத்துக்கு ஆகும்"னு. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். எனக்கே சலித்துப் போய்விட்டதடி. தோட்டத்தில் பேரிக்காய்ப் பிஞ்சுகளுக்குப் பூச்சி அண்டாமல் காகித உறை கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தது, முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வு போனது, செத்துவிடலாம் என்று சுவரைப் பார்த்துக் கிடந்தது, பிறகு ஒருநாள் சக்கர நாற்காலியில் தனியாகச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தது என்று இதையே பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. மீன் வாங்கிய இடம் வந்தால் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மீன் வாங்கினதற்குக் கைதட்டு வாங்கியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பாத்தா எங்க கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமே இல்லம்மா"ன்னு அழுதுவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டடத்தில் நான் போகக்கூடிய கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பேன், அது யாருக்குத் தெரியும்.

தக்சூவை உனக்குத் தெரியுமே, சாரத்திலிருந்து விழுந்து என்னைப் போலவே நாற்காலிக்கு வந்தவன், எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தை நடத்துகிறவன். அவன் என்னை விடவே மாட்டான். "அக்கா, நீங்க சனங்கள அழ வச்சு அனுப்புறீங்க. அழுதவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கிருவான். நாம ஏறுற மாதிரி பஸ் எப்ப வரும், அதக் கேளுங்க" என்பான். நானும் சும்மா விடுவதில்லை, "ஒனக்கு வாய் மட்டுந்தாண்டா நீளம், ஒன் பேச்சக் கேக்க ஒருத்தனாவது வர்றானா"ன்னு குத்துவேன். ஆனால் படுத்தபிறகு அவன் சொன்னதுதான் முள்ளாகக் குத்தும்.

அறுவடைத் திருவிழா முடிந்த கையோடு ஊர் அரங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே மேடைக்குப் படிகள்தான் வழி. ஆண்கள் சிலர் சேர்ந்து என்னை நாற்காலியோடு தூக்கி வைப்பார்கள், அதற்கும் கைதட்டு உண்டு. போன தடவை ஒருவருக்குப் பிடி நழுவித் தோளில் அடி பட்டது, உன்னிடம் சொல்லவில்லை, திட்டாதே. இந்த முறையும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். என்னையறியாமல் வாய் சொல்லிவிட்டது, "வேணாம் தம்பி, தூக்க வேணாம்." அரங்க மேலாளர் பாங் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மேல வந்தாத்தானேம்மா எல்லாருக்கும் தெரியும், போட்டோ எடுக்க வேற ஆள் வந்திருக்கு" என்றார். "நான் என்ன அரிசி மூட்டையா சார்? ஏற வழி இருந்தா ஏறுறேன், இல்லாட்டி இங்கயே பேசுறேன்" என்றேன். வீரமெல்லாம் இல்லை ஹேரிம், வெறும் அலுப்பு. கீழே இருந்தபடியே பேசினேன். பின்வரிசையிலிருந்து, "பேசுறது யாரு, ஆளையே காணோம்"னு குரல் வந்தது. மீன் கதையைச் சொல்லவில்லை. எந்தப் பல் மருத்துவரிடம் போக முடியாது, எந்த நூடுல்ஸ் கடை வாசலோடு திரும்பி வருகிறோம், ஓட்டுப் போடப் போனால் என்ன பாடு, இதைத்தான் சொன்னேன். யாரும் அழவில்லை. கைதட்டும் பெரிதாக இல்லை. "வாழ்த்திப் பேசக் கூப்பிட்டா வழக்குப் போடுது இந்தம்மா" என்று ஒருவர் சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். கூனிக் குறுகித்தான் காருக்கு வந்தேன். உன் அப்பாதான் ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நல்லாப் பேசுன ஹேரிம் அம்மா. ஏணி வர்ற எடத்துல நான் எப்பவும் வெளிய போயிருவேன், கேக்க முடியாது. இன்னைக்குத்தான் முழுசா ஒக்காந்து கேட்டேன்" என்றார். இத்தனை வருடமாக அவர் சிகரெட் பிடிக்கத்தான் வெளியே போகிறார் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. சரி, ஓய்வு கிடைத்தது என்று இருந்தபோது பாங் போன் செய்தார், மேடைக்குச் சாய்தளம் போட்டாயிற்று, நீங்கள்தான் திறந்து வைக்க வேண்டும் என்று. போய்ப் பார்த்தால் வீட்டுக் கூரை மாதிரி செங்குத்தாக நிற்கிறது. எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அரங்கத்திலேயே இருந்த சக்கர நாற்காலியைக் காட்டி, "நீங்க ஒரு தடவ ஏறிக் காட்டுங்க சார்" என்றேன். பாவம், உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் உருட்டினார், சறுக்கினார், உன் அப்பா பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். தக்சூ விடுவானா, "எல்லாரும் கைதட்டுங்கப்பா, சார் விடாமுயற்சி பண்றாரு!"ன்னு கத்தினான். பாங் முகம் சிவந்து போய்விட்டது. அப்புறம் அவரே சிரித்துவிட்டு, "இத ஒடச்சிரலாம். எப்படிப் போடணும்னு நீங்க ரெண்டு பேரும் வந்து நின்னு சொல்லுங்க" என்றார். போய் நின்று சொன்னோம். போன வாரம் புதிதாகப் போட்டதில் நானே ஏறினேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், காலி அரங்கம். ஒருவர் கையும் என் மேல் படாமல் அந்த மேடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தோள் வலித்தது, ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

அதனால் உன் பேச்சைப் பாதி கேட்கிறேன் மகளே. மீன் கதை இனி இல்லை. நூலகத்துக்குள்ளும் சுகாதார நிலையத்துக்குள்ளும் நாற்காலி போகுமா என்று வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு மட்டும் தக்சூவோடு போவேன். நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்று மறக்காதே. உன் வீட்டு வாசல் படியின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து எழுது. வசந்தத்தில் நானும் அப்பாவும் வரலாம் என்று இருக்கிறோம். தன் தம்பியோடு சேர்ந்து என்னைத் தூக்கிவிடுவதாக மாப்பிள்ளை சொல்வார், நல்ல மனசு. படிமேல் சாய்வாகப் பலகை போட்டு வைக்கச் சொல்.

உன் அம்மா,
பியோன் மல்சுன்