இவர் காலை வைத்து ஒரு பாடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டார் இவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கால் கட்டை விரலுக்கு அடியில் புண், சர்க்கரையால் வந்தது, ஆறவே மாட்டேன் என்கிறது. போன தடவை அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒழுங்கா கட்டு மாத்தலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்மா" என்றார். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் ஏறிவிடுவாரா?

தெருமுனையில் நம் டாக்டர் கிளினிக் இருக்கிறது. அங்கே ஒரு நர்ஸும் இருக்கிறாள். போன வருஷம் கொட்டுகிற மழையில் இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். "இந்த மாதிரி புண்ணுக்கு இங்க கட்ட மாட்டோம்." இப்படிச் சொன்னபோது அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பச்சைக் கல் கம்மல் போட்டிருந்தாள், இடது காதில் கல் விழுந்து போயிருந்தது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

மார்ச் 5, வியாழன்

தெருமுனை டாக்டரே போன் செய்தார்! ஊரில் உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றனவாம். ஒரு இடத்தில் தெரிந்த வேலையை மற்ற இடத்துக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். கடைத்தெரு கிளினிக்கில் கால் புண் பார்ப்பதில் கெட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள், வியாழக்கிழமை தோறும் இங்கே வந்து நம் நர்ஸைப் பழக்கப் போகிறாள். பழக ஒரு கால் வேண்டும்.

"தாத்தா காலைக் கொஞ்சம் கடன் குடுப்பீங்களா பாட்டி?"

நம் நர்ஸ் கற்றுக்கொண்டால் பஸ்ஸே வேண்டாம். விரல்—



மார்ச் 11, புதன்

நாளைக்கு. இவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்திருக்கிறார். காலைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்றேன். "கால் மட்டும் தனியாவா போகுது?" என்கிறார்.

மார்ச் 12, வியாழன்

வந்தவளுக்கு வெண்கலக் குரல். பேசினால் தெருவே கேட்கும். கட்டிலைச் சுற்றி நம் நர்ஸ், டாக்டர், வேறு கிளினிக்கிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். இவருக்கு ஒரே பெருமை.

மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நூலால் பாதத்தைத் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். இவர் "ம்... ம்... தொட்டீங்க" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முழு மார்க் வாங்கப் போகிற நினைப்பு.

"தாத்தா, நான் இன்னும் தொடவே இல்ல" என்றாள் நம் நர்ஸ்.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் நிஜமாகத் தொட்டார்கள். வாயையே திறக்கவில்லை இவர். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மரத்துப் போன கால். அதனால்தான் புண் மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

வெண்கலக்குரல் புண்ணைச் சுற்றித் தடித்திருந்த தோலைச் சீவிக் காட்டினாள். தடிப்பான மெத்தைத் துணியில் ஓட்டை வெட்டி, புண் தரையில் அழுந்தாதபடி ஒட்டச் சொன்னாள். "நீயே செய். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்." நம் நர்ஸின் விரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் சுத்தமாகத்தான் கட்டினாள்.

மார்ச் 19, வியாழன்

கட்டு மாற்றியதும் கூட்டம். நோயாளி வீட்டாரும் உட்கார வேண்டுமாம், எனக்கு டாக்டர் பக்கத்திலேயே நாற்காலி! நம்மால் முடியாதென்று யார் யாரைத் திருப்பி அனுப்பினோம், அதை எப்படிக் குறைப்பது என்று பேசினார்கள். "நீங்க என்ன சொல்றீங்க பாட்டி?" என்றார் டாக்டர். என்னைக் கேட்டால் விடுவேனா. மழை, கம்மல், தலை தூக்காதது, ஒன்று பாக்கி வைக்கவில்லை.

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு எனக்குக் கட்டத் தெரியாது பாட்டி. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தண்ணீர் குடித்தேன்.

டாக்டர், "கேக்காம விட்டது நான்" என்றார். இனி தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது, உடனே கடைத்தெரு கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மார்ச் 20, வெள்ளி

தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் திட்டாமல் இருந்திருப்பேனா?

திட்டியிருப்பேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று வெண்கலக்குரல் வரவில்லை. நர்ஸ் தனியாகவே கட்டினாள், நடுக்கமே இல்லை. அளந்து பார்த்து, "சின்னதாயிட்டே வருது பாட்டி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் உதறவில்லை. கோபம் இருக்கிறது. அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும்.

மே 14, வியாழன்

இவர் வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடப்பதில்லை. நான் சொன்னபோது கேட்காதவர், அவள் சொன்னதும் கேட்கிறார். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 18, வியாழன்

காலையில் நர்ஸ் போன் செய்தாள். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கத்து கிளினிக்குக்குச் சொல்லிக்கொடுக்க இவளைத்தான் அனுப்புகிறார்கள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"தாத்தாவையும் கூட்டிட்டுப் போகட்டுமா பாட்டி?"

"அந்தக் கால்ல காட்ட என்னம்மா இருக்கு? வெறும் தோல்தான் இருக்கு" என்றேன்.

"அதத்தான் காட்டணும்."

நான் போனை வைப்பதற்குள் இவர் சவரக் கத்தியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.